சட்டையில் விளக்கெண்ணெய்

எங்கள் ஃப்ரீமான்ட் வீட்டில் துணி துவைப்பது மெஷின்தான். ஆனால் மெஷினுக்குள் போகும் முன் ஒவ்வொரு துணியும் அம்மாவின் மூக்கைத் தாண்டியாக வேண்டும். எனக்கு ஒன்பது வயதான கோடையில் அந்த மூக்கிடம் மாட்டிக்கொண்டவர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. சாஃப்ட்வேர் வேலைக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை வந்தால் ஆபீஸில் வேலை அதிகம் என்பார். சனிக்கிழமை காலை அவர் சட்டையில் மண்ணும் கருகிய விளக்கெண்ணெய் வாசனையும் இருக்கும்.

ஈரோட்டில் அவருக்குப் பெண் பார்த்து, தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். தம்பி தங்கம் என்று பெண் வீட்டாருக்கு வாக்குக் கொடுத்தவள் அம்மா. அவளுக்குத் தெரிந்து வீட்டில் விளக்கெண்ணெய் கருகுவது கைக்குழந்தைக்குக் கண்மை கூட்டும்போதுதான். ஆக, தம்பிக்கு எங்கோ ஒரு குடித்தனம் இருக்கிறது, அங்கே குழந்தையும் இருக்கிறது. வயிறு சரியில்லாமல் விளக்கெண்ணெய் குடித்திருப்பான் என்று அப்பா சொன்னது எடுபடவில்லை.

செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை, யார் வீட்டிலோ வளைகாப்புக்குப் போகவேண்டும் என்று சொல்லி அம்மா என்னை மாமாவின் தலையில் கட்டினாள். என்னிடம் தனியாக, "அங்க கொழந்த இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள். ஃப்ரீவேயில் மாமா தன் ஆபீஸ் எக்ஸிட்டைத் தாண்டியதும் எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

போய்ச் சேர்ந்தது ஒரு மண் மைதானம். பிரேக்கே இல்லாத மோட்டார் சைக்கிள்கள், நான்கு நான்காக, பின்சக்கரம் வழுக்க வழுக்க வட்டமடித்தன. வளைவில் நின்றவர்கள் மேலெல்லாம் மண் தெறித்தது. இன்ஜினுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றுவார்களாம். கோடை முழுக்க ஓடிச் சேர்த்த புள்ளிகளை வைத்து, நாட்டுக்கே சாம்பியன் யார் என்று அன்று முடிவாகும் என்றார் மாமா.

அவருடைய ஆள் ஏழாம் எண் வண்டிக்காரன். அவனுடைய அக்காதான் மெக்கானிக். வீட்டில் தன் தட்டைக்கூட எடுத்து வைக்காத மாமா, அவளுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் மாமாவின் காதோரம் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டாள். நான் கூடாரத்துக்குப் பின்னால் போய்க் குழந்தையைத் தேடினேன். இல்லை.

கடைசி ரேஸில் ஏழாம் எண் ஒரே ஒரு புள்ளியில் சாம்பியன்ஷிப்பைக் கோட்டைவிட்டது. அதற்கு அவள் அழவில்லை. மாமா மெதுவாக ஏதோ சொன்ன பிறகுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பும் வழியெல்லாம் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார். எனக்குப் பாவமாக இருந்தது.

"நெக்ஸ்ட் இயர் வின் பண்ணலாம், மாமா" என்றேன்.

"நெக்ஸ்ட் இயர் நான் வரமாட்டேன்டா" என்றார்.

மறுநாள் காலை, "நோ பேபி" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்த சிரிப்பில் எனக்கும் உற்சாகம் வந்து, ரேஸ், ஸ்பானர், கட்டைவிரல், மாமா அழுதது எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது.

"யாரு தொடச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

சொன்னேன். உடனே ஈரோட்டுக்கு ஃபோன் போட்டு, தை வரை எதற்கு, ஐப்பசியிலேயே முகூர்த்தம் பாருங்கள் என்றாள். ஒரு ரேஸ் தோற்றதற்கு அழுத தம்பியைத் தேற்ற இவ்வளவு அவசரமாகக் கல்யாணம் செய்து வைக்கிறாளே, அம்மாவுக்கு மாமா மேல் எத்தனை பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.