ஐஸ் கிடங்கில் போட்டுப் பார்த்த கம்பளி நிஜார்

என் வீட்டுக்காரர் கப்பலில் டெக் ஆள், மேல்தட்டில் வேலை. இரண்டாவது உலகச் சண்டை முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம் அது. முந்தின பனிக்காலத்தில், வடக்கே ஏதோ ஒரு குளிர் தேசத்துத் துறைமுகத்தில் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டுக் கப்பல் கிளம்பிவிட்டது. நெஞ்சில் சளி கட்டி, மூச்சுக்குப் போராடி, பிழைத்ததே பெரிது என்று வீடு வந்து சேர்ந்தார். இன்னொரு தடவை இப்படிக் குளிர் வாங்கினால் நெஞ்சு தாங்காது என்று ராயபுரத்து டாக்டர் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று டாக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கொஞ்ச நாள் ஹார்பரில் கரி இறக்கப் போனார். கரித்தூள் உள்ளே போய் இருமல் இன்னும் மோசமாகியது. இந்த எழவுக்குக் கடலே மேல் என்று அதையும் விட்டார். ஐப்பசியில் பழைய கப்பலிலிருந்தே ஆள் வந்து கூப்பிட்டதும், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டார். நான் கத்தினேன். பேசாமல் இருந்தேன். சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மனுஷன் அசையவில்லை. பிறகு நானே இறங்கி வந்து, போவதுதான் போகிறாய், உள்ளே ஒழுங்காக எதையாவது மாட்டிக்கொண்டு போ என்றேன். போன தடவை அவர் கோட்டுக்கு உள்ளே போட்டுக்கொண்டது வெறும் நூல் பனியன். பெரிய சூரர்!

ராயபுரத்தில் குளிரைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது? மார்கழி விடியலில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நடுங்குகிற ஊர் இது. கனமாக இருக்க வேண்டும் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டால் ஒன்றும் போட வேண்டாம் என்றான் எதிர் வீட்டுக்காரன். உன் நாக்கில் தேய் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு பாய், சண்டையில் மிஞ்சிய பட்டாளத்துத் துணிமணி விற்றுக்கொண்டிருந்தார். இரண்டு பேருமாகப் போனோம். கணுக்கால் வரைக்கும் வருகிற உள் நிஜாரும், முழுக்கைப் பனியனுமாக இரண்டு ஜதை எடுத்துப் போட்டார். ஒன்று பஞ்சு மாதிரி மெத்தென்று, நல்ல கனத்தில், புத்தம் புதிய பருத்தித் துணி. இன்னொன்று சாம்பல் நிறத்தில் மெல்லிசுக் கம்பளி, யாரோ போட்டுக் கழித்தது. குளிருக்குப் போகிற ஆள் என்றால் கம்பளியை எடு, பருத்தி வேர்வையைக் குடித்துவிட்டு உடம்பிலேயே ஈரமாக ஒட்டிக்கொள்ளும் என்றார் பாய். பழசைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று என் வீட்டுக்காரர் காதைக் கடித்தார். எனக்கும் சந்தேகம்தான். ஆனால் டாக்டர் சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டையும் கட்டித் தரச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து கம்பளியை மாட்டியவர், மாட்டிய வேகத்தில் கழற்றி எறிந்தார். மழைக்கு முந்தின புழுக்கம் வேறு. உடம்பெல்லாம் தடிப்பு.

"இத்த எவன் போடுவான்? முள்ளு மேல பட்த்தா மாதிரி கீது. நான் பருத்தியத்தான் எட்த்துகினு போவேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவது என்று முடிவு கட்டிவிட்டால் இங்கேயே சாவதுதானே, அவ்வளவு தூரம் போவானேன் என்று கேட்டுவிட்டேன். அவர் வெளியே போய்ப் பீடி பற்றவைத்து, இருமி, அணைத்தார்.

அப்போதுதான் எனக்கு என் அண்ணன் ஞாபகம் வந்தது. மீன்காரர்களுக்கு ஐஸ் போடுகிற கம்பெனியில் மேஸ்திரியாக இருந்தான். வெயிலில் உட்கார்ந்துகொண்டு குளிருக்குத் துணி பார்க்கிறோமே, என்ன புத்தி இது! மறுநாள் மத்தியானம் மூட்டையோடு அவரையும் இழுத்துக்கொண்டு அங்கே போய் நின்றேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துவிட்டு, ஐஸ் பாளங்களை உமியில் புதைத்து அடுக்கிவைத்திருந்த கிடங்கைத் திறந்துவிட்டான்.

முதலில் பருத்தி ஜதை. மேலே கோட்டு. சும்மா நின்றால் போதாது, டெக்கில் கயிறு இழுக்கிற மாதிரி வேலையும் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கொக்கியால் பாளங்களை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்தார். அந்தக் குளிரிலும் நெற்றியில் வேர்வை. எப்படி என்று என்னைப் பார்த்து மிதப்பாகத் தலையாட்டினார். இப்போது காவலுக்கு நிற்கிற மாதிரி அசையாமல் நில் என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் தோள் குறுகியது. பல் அடித்துக்கொண்டது. இருமல் ஆரம்பித்தது பாருங்கள், ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தாரே, அதே இருமல். ஐயோ, நானே கொன்றுவிட்டேனே என்று உயிரே போய்விட்டது எனக்கு. அண்ணனும் நானும் வெளியே இழுத்துவந்து வெயிலில் உட்காரவைத்தோம். பனியனைக் கழற்றினால், பிழிந்தால் சொட்டும் போல நனைந்து, ஐஸாகச் சில்லிட்டுக் கிடந்தது.

போதும், வா வீட்டுக்கு என்றேன். சூடாக டீ குடித்து, உடம்பு துடைத்து, மூச்சு நிதானமான பிறகு அவரே எழுந்து கம்பளியை எடுத்தார். நான் வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டு உள்ளே போனார். அதே கொக்கி, அதே பாளம், அதே வேர்வை. பிறகு நின்றார். நான் கதவோரம் நின்று அவர் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் இரண்டு தரம் கூப்பிட்டும் வரவில்லை.

"குத்துதா?" என்று கேட்டேன்.

"எங்க குத்துது? போட்டுகினு கீறதே மறந்து பூட்ச்சு."

கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். கம்பளி ஈரமாகத்தான் இருந்தது. அதற்குள் அவர் முதுகு வெதுவெதுப்பாக இருந்தது. அண்ணன் நிற்கிறான் என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

சாயங்காலமே வண்ணாரப்பேட்டைக்கு ஓடி, மாற்றிப் போட இன்னொரு கம்பளி ஜதை வாங்கிவந்தேன். கப்பல் கிளம்பிய பிறகு அந்தப் பனிக்காலம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் கெட்ட சேதியோ என்று பதறினேன். துணி மேல் நம்பிக்கை இருந்தது. அவர் மேல்தான் இல்லை. கழற்றி எறிந்துவிட்டால்?

பங்குனி வெயிலில் ஒரு நாள் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். கன்னத்தில் சதை போட்டிருந்தது. சாப்பிடுகிறாயா என்றேன். முதலில் தூங்க வேண்டும் என்று பாயில் சாய்ந்தார். நான் உலை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். நெஞ்சு ஏறியது, இறங்கியது. கரகரப்பு இல்லை, இழுப்பு இல்லை. இன்னொரு மூச்சு, இன்னொரு மூச்சு என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சோறு தீய்ந்த நாற்றத்தில் அவர்தான் கண் விழித்தார். அடுப்பில் என்ன என்று கேட்டார்.

"கெடக்கட்டும்," என்றேன். "நீ தூங்குய்யா."