ஆறாயிரத்து நானூறு

அவனுக்கு மெகா என்று பெயர் வைத்தது கிடங்கு அலுவலகத்துக்காரர்கள். ஆளோ ஒடிசல், குரலோ பக்கத்து மேசைக்குக் கேட்டால் அதிகம். கம்ப்யூட்டர் வேகத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசி வாங்கிக்கொண்ட பெயர் அது. சரக்கு வரத்தையும் போக்கையும் பதிவு செய்கிற குமாஸ்தா வேலை. இத்தனை வருடத்தில் யாரும் அவனிடம் ஒரு யோசனை கேட்டதில்லை. ஆகவே தன் சொல் எடுபடுகிற இடம் ஒன்றாவது வேண்டுமென்று, பாகம் பாகமாக வாங்கி, வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரைத் தானே பொருத்தி வைத்திருந்தான்.

அதில் ரேம் எனப்படும் நினைவகப் பட்டைகள் இரண்டு. கடையில் வாங்கியபடியே விட்டால் நாலாயிரத்து எண்ணூறு மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் சாதுவாக ஓடும். உள்ளே புகுந்து மின்னழுத்தத்தைக் கூட்டி, வேக எண்ணை ஏற்றிவிட்டால் இன்னும் வேகமாக ஓடும். ஓடும் என்றால், ஓடினாலும் ஓடும். சில நாள் திரையே வராது. சில நாள் வந்து, பாதி வேலையில் நீலமாகி விழுந்துவிடும். மெகா ஆறாயிரத்து நானூறைத் தொடாமல் விடுவதில்லை என்று ஒற்றைக் காலில் நின்றான். அந்த வேகத்தால் வீட்டில் ஒரு காரியமும் சீக்கிரம் முடியவில்லை. மின்கட்டணப் பக்கம் எப்போதும் போல அசைந்து அசைந்துதான் திறந்தது. இதைச் சொன்னால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஒரு வருடம் மல்லுக்கட்டினான். பட்டைகள் சூடானால்தான் தகராறு செய்கின்றன என்று கண்டுபிடித்தான். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, மேசை ஃபேனை நேராக அதன் வாய்க்குள் திருப்பி வைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்த சோதனை சாயங்காலம் வரை ஓடியது. ஒரு பிழை இல்லை. அன்று அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை என்றாள் மனைவி.

அவள் ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பவள். தற்காலிக வேலை, நாளைக்கு வர வேண்டாம் என்றால் அவ்வளவுதான். பெரிய மருத்துவமனையில் நிரந்தர இடத்துக்கு வருடம் ஒரு தேர்வு வைப்பார்கள். இரண்டு முறை மயிரிழையில் தவறிப்போயிருந்தது. இந்த வருடத்தோடு வயது வரம்பும் முடிகிறது. அடுப்பு மேடையில் புத்தகத்தைச் சாய்த்து வைத்து, கரண்டியும் கையுமாகப் படித்தாள். தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம், கேமரா வழியாகக் கண்காணிப்போம் என்று அறிவித்திருந்தார்கள்.

"கம்ப்யூட்டர் பாதியில நின்னுடாதுல்லங்க?" என்று முந்தின நாள் கேட்டாள்.

"ஒரு நாள் பூரா சோதனை ஓட்டியிருக்கேன். ஒரு தப்புகூட வரல. நீ படிப்பைப் பாரு."

பழைய வேகத்துக்கு இறக்கிவிடலாமா என்று அவனுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் ஒரு வருட உழைப்பை நம்பிப் பெண்டாட்டியை உட்காரவைக்க முடியாது என்றால் அது என்ன உழைப்பு? மானப் பிரச்சினை. இப்படிப்பட்ட மானத்தைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும். அவன் போடவில்லை.

தேர்வு நாள் காலை, ஒத்திகை பார்த்தபோது திரையில் எச்சரிக்கை வந்தது. அறையில் சத்தம் இருக்கிறது, நீக்கவும். மேசை ஃபேனின் கரகரப்புத்தான். மெகா தன் கையாலேயே அதை எடுத்து வெளியே வைத்தான். அறையைக் கேமராவில் சுற்றிக் காட்ட வேண்டும், ஒயர் தொங்கினால் சந்தேகப்படுவார்கள் என்று கழற்றிய தகட்டையும் பொருத்தி, துணியால் துடைத்தும் விட்டான். தெருச் சத்தம் வராமல் ஜன்னலைச் சாத்தினான். இரண்டரை மணி நேரம்தானே, தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கதவை மூடினான்.

கதவுக்கு வெளியே நின்றவனுக்கு முதலில் பொத்தான் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நன்றாகத்தான் போனது. பிறகு அது நின்றது. கம்ப்யூட்டர் மறுபடி எழும்போது போடும் ஒற்றைச் சிணுங்கல் கேட்டது. அவன் கதவின் கைப்பிடியைப் பிடித்தான். உள்ளே போய் வேகத்தை இறக்கிவிடலாம். ஆனால் இன்னொரு ஆள் கேமராவில் தெரிந்தால் தேர்வு ரத்து. அவள் வாய் திறந்து கூப்பிடவும் கூடாது. தொடர்பு ஒருமுறை அறுந்தால் மீண்டும் சேரலாம், இரண்டாம் முறை அறுந்தால் கிடையாது என்பது விதி. பொத்தான் சத்தம் திரும்பக் கேட்டது. கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றான். கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அந்தப் பட்டைகளிடம் கெஞ்சினான்.

மறுபடியும் அந்தச் சிணுங்கல் கேட்டது.

அவள் வெளியே வந்தாள். முகமெல்லாம் வியர்வை. முக்கால்வாசி எழுதிட்டேன், எல்லாம் தெரிஞ்ச கேள்விதான் என்று மட்டும் சொன்னாள். சண்டை போட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான். விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம் எழுதிப் பார்த்தான். தேர்வருடைய கருவிக் கோளாறுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று ஒரே வரியில் பதில் வந்தது. அவள் அதைப் படித்துவிட்டு, புத்தகங்களைக் கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டாள்.

அதற்குப் பிறகு பல நாள் அந்தக் கம்ப்யூட்டரை யாரும் தொடவில்லை. ஒரு நாள் காலை, அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, மெகா அதன் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"என்ன பண்றீங்க?"

"பழைய வேகத்துக்கே மாத்திட்டேன். இனிமே நிக்காது."

அவள் செருப்பு மாட்டிக்கொண்டே திரையைப் பார்த்தாள்.

"இதை மாத்த எவ்வளவு நேரமாச்சு?"

பொய் சொல்லலாம். அவளுக்குத் தெரியவா போகிறது? ஆனால் அவன் உட்கார்ந்ததையும் முடித்ததையும் பார்த்துக்கொண்டேதான் அவள் தலை வாரியிருந்தாள்.

"ரெண்டு நிமிஷம்," என்றான்.

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, கதவை வெளியிலிருந்து சாத்திக்கொண்டு போனாள்.