கட்டிக்கு ஒரு வளைகாப்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருடம் மாசியில் எனக்கு மாதவிலக்கு நின்றது. அது முன்பும் தவறியதுண்டு. இம்முறை குமட்டலும் வந்தது, வயிறும் மேடிட்டது. டாக்டரிடம் காட்டலாம் என்றேன்.

“புள்ள இருக்குன்னு சொல்ல டாக்டர் எதுக்கு?” என்றார் மாமியார்.

ஆவணியில் ஸ்ரீரங்கத்து வீட்டில் வளைகாப்பு. ஓசை குழந்தைக்குக் கேட்குமென்று கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். மறுவாரமே உதிரம் கொட்டியது. திருச்சி லேடி டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, கர்ப்பப்பையில் கட்டி, உடனே அறுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றார். நர்ஸ் வளையலைக் கழற்ற வந்தாள்.

மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். “பிரசவம் ஆகாம கழட்டக் கூடாதும்மா!”

“அப்ப நீங்களே அந்தக் கட்டியப் பொறக்கச் சொல்லுங்க” என்றார் டாக்டர்.

கட்டியைக் கர்ப்பப்பையோடு எடுத்தார்கள், பிழைத்தேன். வளையல்களை மட்டும், “அடுத்த தடவைக்கு ஆகும்” என்று மாமியார் பத்திரமாகத் துணியில் முடிந்துகொண்டார்.