பின்னால் உட்கார்ந்திருப்பவர்

என் கணவர் சேர்த்ததையெல்லாம் ஒரே மியூச்சுவல் ஃபண்ட் கம்பெனியில்தான் போட்டு வைத்திருந்தார். ஒரகடம் பக்கம் கார் கண்ணாடி செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. "நாலு கம்பெனில பிரிச்சுப் போடுங்கப்பா" என்று மகள் சொல்லும்போதெல்லாம், "ஒருத்தன நம்பிட்டா நம்பிக்கினே இருக்கணும்மா" என்று சிரிப்பார்.

போன ஆடியில் ஒரு காலை. செவிலிமேட்டு வீட்டுக் கூடத்தில், ஜன்னலோரப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவேயில்லை. நான் சமையலறையில் இருந்தேன். தெருமுனையில் தொழிற்சாலை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

பணம் என் பெயருக்கு மாறியதும், பெங்களூரில் இருக்கும் மகள் பிடிவாதம் பிடித்தாள். "எல்லாத்தையும் ஒரே எடத்துல வெக்காதம்மா. பாதிய எடுத்து வேற ரெண்டு கம்பெனில போடு. நாளைக்கு ஒன்னு கவுந்தாலும் இன்னொன்னு தாங்கும்."

சரியென்றேன். என் அடையாளச் சான்றுகள் பழையவையாம். அதனால் புதிதாகச் சேரும் ஒவ்வொரு கம்பெனியும் வீடியோ காலில் என்னைப் பார்த்துச் சரிபார்க்கும் என்றார்கள். பான் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, அறையில் நான் மட்டும் இருக்க வேண்டும்.

கூடத்தில் உட்கார்ந்து முதல் அழைப்பை எடுத்தேன். அந்தக் கம்பெனியிலிருந்து பேசியவர் இளைஞர். பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்டுவிட்டு, "மேடம், பின்னாடி உக்காந்திருக்கிறவரைக் கொஞ்சம் வெளிய போகச் சொல்லுங்க" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. சுவரில் மாலை போட்ட படம் மட்டும். "அது போட்டோ தம்பி" என்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார். "வேற யாராவது இருந்தா பாஸ் பண்ண முடியாது மேடம். அப்புறம் ட்ரை பண்ணுங்க."

படத்தைக் கழற்றிச் சாமி அறையில் வைத்தேன். மறுநாள் மத்தியானம், கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டாவது கம்பெனியின் அழைப்பை எடுத்தேன். அதில் ஒரு பெண். பான் கார்டைப் பார்த்தாள், சிரிக்கச் சொன்னாள். பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள்.

"மேடம், நீங்க உங்க விருப்பத்துலதானே முதலீடு பண்றீங்க? சார் யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தலையே?"

"எந்த சாரும்மா?"

"ஜன்னல் பக்கம்... குனிஞ்சிட்டு இருக்காரே."

திரும்பிய வேகத்தில் போன் தரையில் விழுந்தது. எடுத்தபோது அழைப்பு அறுந்திருந்தது. நாற்காலி காலியாகத்தான் இருந்தது. கிட்டே போய் அதன் மேல் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அங்கே வெயில் விழும்தான். ஆனால் அது காலையில்.

மகளிடம் சொன்னேன். "கேமரால ஏதாவது நெழல் தெரிஞ்சிருக்கும்மா. பயப்படாத" என்றாள். அவள் குரலே சரியாக இல்லை.

பக்கத்து வீட்டில் ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்யும் பாயம்மா இருக்கிறார். "உங்க வீட்ல உக்காந்து ஒரு கால் பேசிக்கட்டுமாக்கா?" என்றேன். என் முகத்தைப் பார்த்தவர் காரணம் கேட்கவில்லை. "உள்ள வாம்மா, ஃபேனுக்குக் கீழ உக்காரு" என்று தன் துணிகளை ஒதுக்கிவிட்டு வெளியே போனார். அங்கிருந்து இரண்டு கம்பெனிக்கும் பேசினேன். ஒரு கேள்வியும் இல்லை. இரண்டிலும் சரிபார்த்துவிட்டார்கள்.

வீடு திரும்பிக் கூடத்தில் நின்றேன். பயத்தைவிட எனக்கு அழுகைதான் வந்தது. போய்ச் சேர்ந்த பிறகுமா இந்த மனுஷன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டே இருக்க வேண்டும்?

"பாதி நீங்க போட்ட கம்பெனியிலயேதாங்க இருக்குது" என்றேன் நாற்காலியைப் பார்த்து. "மீதியதான் பிரிச்சேன். போதும், நிமிருங்க."



பணம் இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது. ஒன்று இறங்கினால் ஒன்று ஏறுகிறது, மகளுக்குத் திருப்தி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீடியோ காலில் வருவாள். "எப்பப் பாரு கிச்சன்லயே நிக்கறியே, ஹால்ல உக்காந்து பேசேம்மா" என்பாள்.

"இங்கதான் சிக்னல் நல்லா கெடைக்குது" என்று சொல்லிவிடுவேன்.