திறப்பு

டோர்செட் பார்க் என்ற புறநகர்ப் பகுதியில் என்னோடு ஒரே அபார்ட்மெண்டில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரனுக்கு ஒரு ரஷ்ய நாவலாசிரியன் மேல் பித்து. எழுபதுகளின் நடுவில் அந்தக் கட்டடத்தில் தமிழ் பேச நாங்கள் இருவர்தான் இருந்தோம். அவன் என்னை 'ஐசே' என்பான், 'நீர்' போடுவான். நான் முகத்துக்கு நேரே 'நீங்க', மனசுக்குள் 'அவன்'. விடியுமுன்பே அவனுடைய பழைய காரில் மிசிசாகாவுக்கு, விமான நிலையத்துச் சரக்குக் கிடங்குக்கு வேலைக்குப் போவோம். வழி முழுக்க அந்த ரஷ்யன் கதைதான். சுட்டுக் கொல்ல நிறுத்திவிட்டு, கடைசி நேரத்தில் மன்னிப்பு என்று சொல்லிச் சைபீரியாவுக்கு அனுப்பினார்களாம். அங்கே காலில் விலங்கு, கூடவே வலிப்பு நோய். எனக்கு எரிச்சலாக வரும். மதுரையில் எஞ்சினீயரிங் படித்துவிட்டு இங்கே பெட்டி தூக்குகிற எனக்கு என் கஷ்டம் போதாதா?

ஒரு ஜனவரி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். மேசையருகே உட்கார்ந்திருந்தவன் கம்மிய குரலில், "ஐசே, திறப்பு... திறப்பு..." என்றான். மூச்சு முட்டுகிறதாக்கும் என்று ஓடிப்போய் பால்கனிக் கதவை அகலத் திறந்துவிட்டேன். திரும்பினால் அவன் தரையில் கிடந்து வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தான். வாயில் நுரை. பனிக்காற்று வீட்டுக்குள் புகுந்தது, ரசம் பொங்கி வழிந்தது, நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

நினைவு திரும்பியதும் குளிரில் பல் கிட்டக் கேட்டான், "ஏன் காணும் கதவைத் திறந்தனீர்?"

"நீங்கதானே திறக்கச் சொன்னீங்க."

"திறப்பைக் கையில தரச் சொன்னனான்."

அவர்கள் ஊரில் திறப்பு என்றால் சாவி. வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுத்தால் அடங்கும் என்ற நம்பிக்கை எங்கள் ஊரிலும் உண்டு, சொல்தான் வேறு. இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது.

ரஷ்யன் மேல் இருந்த பித்துக்குக் காரணம் அன்றுதான் விளங்கியது. அந்த மனுஷன் தன் நோயைத் தூக்கித் தன் கதாபாத்திரங்களுக்குக் கொடுத்தவன். துப்பாக்கி முன் நின்ற நிமிஷங்களையும் அப்படியே கதையில் ஒருவன் வாயில் வைத்தவன். வலிப்புக்கு முந்திய ஒரு கணத்தில் சொல்ல முடியாத ஒரு வெளிச்சமும் ஆனந்தமும் வரும் என்று அவன் நாவலில் இருக்கிறதாம். தனக்கும் அது வரும், வந்த உடனே காரை ஓரமாக நிறுத்திவிடலாம் என்று என் நண்பன் அடித்துச் சொன்னான். பட்டவன் எழுதினது பொய்யாகாது என்பது அவன் கட்சி.

கார் ஓட்டாதீர்கள் என்று கெஞ்சினேன். வியாதி வெளியே தெரிந்தால் லைசென்ஸ் போகும். அந்த நேரத்துக்கு அங்கே போக பஸ் கிடையாது, ஆக வேலையும் போகும். குடியேற்ற அலுவலகத்தில் அவன் விண்ணப்பம் இன்னும் முடிவாகாமல் கிடந்தது. ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டால் எந்த முகத்தோடு போய் இறங்குவது என்று கேட்டான். எனக்கும் அந்தக் காரை விட்டால் வேறு வழியில்லை. அதற்குப் பிறகு தினமும் சாலையைப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு போனேன். சாமி கும்பிடாத நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

மார்ச்சில் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து திரும்பும்போது பனி கொட்டியது. வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அவன் மெதுவாக, "திறப்பு" என்றான்.

இந்தத் தடவை எனக்கு அர்த்தம் தெரியும். ஆனால் திறப்பு ஓடுகிற காரில் செருகி இருந்தது. அவன் கை ஸ்டியரிங்கை விட்டு முறுக்கிக்கொண்டது. கார் ஓட்டத் தெரியாத நான் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தேன். பின்னால் ஹாரன்கள் அலறின. நல்லவேளை, அவன் கால் பெடலை விட்டு நழுவியிருந்தது. கார் ஓரத்துப் பனிமேட்டில் முட்டி நின்றது. அதன் பிறகே திறப்பைத் திருப்பி உருவி அவன் உள்ளங்கையில் வைத்து, அந்த முஷ்டியை என் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். இரும்போ பித்தளையோ, நான் பார்க்கவில்லை.

இழுப்பு அடங்கி, கண் திறந்து, என்னைக் கொஞ்ச நேரம் யாரோ மாதிரி பார்த்தான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்த வெளிச்சம் வந்ததா இல்லையா என்று கேட்டேன்.

காரின் முன்கண்ணாடியில் விழுந்த பனியைப் பார்த்தபடி அவன் சொன்னான்:

"ஒரு நாளும் வந்ததில்லை, ஐசே. அவனுக்கு வந்தது, எனக்கும் வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். வாறது பயம் மட்டும்தான்."

பிறகு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, திறப்பை என் கையில் வைத்தான்.

"இனி இதை நீர் வைச்சிரும்."

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும்.