தண்ணிதாங்க கொட்டுச்சு

லேப்டாப் ரிப்பேர் கடையின் முன்மேசையில் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தேன். மனிதர்கள் எதற்கெல்லாம் பொய் சொல்வார்கள் என்று அங்கேதான் கற்றேன். நனைந்த லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் குழந்தையைப் போலத் தூக்கி வந்து, "தண்ணிதாங்க கொட்டுச்சு" என்பார்கள். பால், பீர், ஜூஸ், எது கொட்டியிருந்தாலும் தண்ணீர்தான். சில மகானுபாவர்கள் ஈரத்தை இழுக்கும் என்று அரிசி டப்பாவில் ஒரு வாரம் புதைத்து வைத்துவிட்டு வருவார்கள். கவிழ்த்தால் கீபோர்டிலிருந்து ஒரு கைப்பிடி அரிசி விழும். எரிச்சலாக வரும்.

அவர்களைப் பிடிக்கத்தான் எங்களிடம் மூக்கண்ணன் இருந்தார். கடையின் மெக்கானிக். வேலைமேசை நிறைய அவர் மகள் தேய்த்துத் தூக்கிப்போட்ட பல் பிரஷ்கள். அவற்றால்தான் போர்டு கழுவுவார். மூடியைத் திறந்து, கண்ணை மூடி, கீபோர்டின் மேல் குனிந்து ஒரே ஒரு இழுப்பு.

"ஆரஞ்சு ஜூஸ். நேத்து சாயங்காலம்."

எதிரே நிற்பவர் முகத்தில் ஈயாடாது. அண்ணன் லேசில் விடமாட்டார். "தண்ணின்னா காய வெச்சா போதும். சர்க்கரை உள்ள போயிருந்தா போர்டைக் கழட்டிக் கழுவணும். இல்லேன்னா ஒரே மாசத்துல அரிச்சுத் தின்னுரும். பொண்டாட்டிகிட்ட வேணா பொய் சொல்லுங்க, எங்கிட்ட வேணாம்."

மதியம் எங்கள் சாப்பாட்டு டப்பாக்களைத் திறக்காமலே உள்ளே என்ன என்று சொல்வார். "எங்க ஆளு மூக்கு மாதிரி வருமா?" என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. அவ்வளவு சிரித்த வேலையிடம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

ஒரு தடவை அண்ணன் காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்து எழுந்து வந்தார். மூன்று மாதம் கழித்து ஒரு பேராசிரியை, மூடி ஆடுகிறது என்று தன் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். ரசீது எழுதும்போது என் முழங்கை பட்டு எலுமிச்சை சோடா முழுவதும் அதன் மேல் சாய்ந்தது. மேசையில் வைத்து எதையும் குடிக்காதே என்று முதலாளி இரண்டு முறை எச்சரித்திருந்தார். அவசரமாகத் துடைத்து உள்ளே எடுத்துப் போனேன்.

"அண்ணே, தண்ணி பட்டுடுச்சு."

என் வாயிலும் அதே பொய். எப்படியும் பிடித்துவிடுவார், நாலு திட்டு திட்டுவார், அழுது தொலைத்துவிடலாம் என்று நின்றேன். அவர் குனிந்தார், கண்ணை மூடினார், இழுத்தார்.

"தண்ணிதான். காய வெச்சுடலாம்."

எலுமிச்சை வாசம் ஒரு முழம் தள்ளி நின்ற எனக்கே அடித்தது.

அப்பாடா என்றுதான் முதலில் இருந்தது, அதை மறைப்பானேன். இருக்கைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மதிய டப்பா விளையாட்டை அவர் எப்போதோ நிறுத்தியிருந்தார். தண்ணீர் என்று அனுப்பிய இரண்டு லேப்டாப்புகள் ஒரு மாதத்தில் செத்துத் திரும்பி வந்திருந்தன. வாயைத் திறந்தால் என் வேலை போகலாம், அவர் பெயரும் போகலாம். திறக்காவிட்டால் அந்த அம்மாவின் லேப்டாப்பும் செத்துத் திரும்பும். எழுந்து போனேன்.

"அண்ணே, அது தண்ணி இல்ல. எலுமிச்சை சோடா. நான்தான் கொட்டினேன்."

அவர் கத்தவில்லை. ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"முதலாளிக்குத் தெரியுமா?"

"சோடா கொட்டினதா?"

"இல்லம்மா. என் மூக்கு."

தெரியாது என்று தலையாட்டினேன்.

"காய்ச்சலோட போயிடுச்சு. வீட்ல பால் தீஞ்சாக்கூடத் தெரியல. வெளிய சொன்னா நான் யாரு? வெறுமனே ஸ்க்ரூ கழட்டுற ஆளு."

இருவருமாக அந்தப் போர்டைக் கழுவினோம். பேராசிரியையிடம் நானே உண்மையைச் சொன்னேன். முறைத்தார், வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் ஒரு பெண் துண்டில் சுற்றிய லேப்டாப்போடு வந்தாள். "தண்ணிதாங்க கொட்டுச்சு."

முதலாளி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "நம்ம ஆளு மோந்து பாத்தா தெரிஞ்சுடும்" என்று சிரித்தார்.

மூக்கண்ணன் மூடியைத் திறந்தார். பாதி குனிந்தவர் நிமிர்ந்துவிட்டார்.

"எனக்கு இப்ப வாசனையே தெரியறதில்லம்மா. மூக்கு போயிடுச்சு. நீங்க சொன்னாத்தான் உண்டு. தண்ணின்னு சொன்னா தண்ணின்னே நம்பி வேலை பாப்பேன்."

முதலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது. அந்தப் பெண் துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

"இருமல் மருந்து" என்றாள் கடைசியில். "நான் போனைப் பாத்துட்டு இருந்தேன். பாப்பா பாட்டிலோட கவுத்துட்டா. கொஞ்சம் குடிச்சிருப்பாளோன்னு ரெண்டு நாளா பயம். வீட்ல யாருக்கும் தெரியாது."

அண்ணன் லேப்டாப்பைத் தள்ளி வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. பாப்பா நல்லா இருக்காளா?"

அத்தனை வருடத்தில் கடைக்கு வந்தவர்களிடம் அவர் ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.