துக்க வீட்டில் காதர் சிரித்தான்

"காதர் சிரித்தான். இனி அவன் முகத்தில் விழிக்க மாட்டேன்." 1966 ஆவணி 14, என் அம்மா இறந்த நாளன்று டைரியில் நான் எழுதிய வரி இது.

காதரும் நானும் நல்லூரில் ஒரே பனியன் கம்பெனியில் துணியில் குறை பார்ப்பவர்கள். அந்தச் சித்திரையில் லாரியிலிருந்து நூல் பேல் மூட்டை சரிந்து அவன் தலையில் விழுந்தது. பல நாள் நினைவில்லாமல் கிடந்தான். திரும்பி வந்தவன் முன்போலவே துணியை விரித்து, பின்னலில் விட்டுப்போன கண்ணியை விரலாலேயே கண்டுபிடித்தான். கைவேலை பழையபடி இருந்ததால், ஆளே முழுசாகத் தேறிவிட்டான் என்று நம்பினேன்.

ஆவணியில் துக்கம் கேட்க வந்தவன் என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தான். நிறுத்தவே இல்லை. அம்மா கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டவன்!

"பொணத்த வெச்சுட்டுச் சிரிக்கிறயாடா? வெளிய போடா!" என்று கத்தினேன். சிரித்துக்கொண்டே போனான்.

பக்கத்து மேஜையிலேயே வேலை பார்த்தும் இரண்டு வருடம் நான் அவனோடு பேசவில்லை. ஒருநாள் அவன் மனைவி பஸ் ஸ்டாப்பில் என்னை நிறுத்தினாள்.

"அண்ணா, அடிபட்டதுலருந்து அவருக்கு அழுகை வந்தாலும் சிரிப்பாத்தானுங்க வெளிய வருது. எங்க புள்ளைக்கு வலிப்பு வந்தப்பவும் சிரிச்சாருங்க. மூளையில பட்ட அடின்னு டாக்டர் சொன்னாருங்க."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்க எங்கீங்க கேட்டீங்க?"

மறுநாள் காதரின் கையைப் பிடித்தேன். சிரித்தான், கண்ணில் நீர் வழிந்தது.

அம்மா இறந்த அன்றும் வழிந்ததா? அன்றைய மழை, கிழமை, வந்தவர்கள் பெயர் எல்லாம் டைரியில் இருக்கிறது. அவன் கண்ணீர் மட்டும் அதில் இல்லை. அன்று இருந்தவர்களை விசாரித்தேன், யாருக்கும் நினைவில்லை. இன்னும் உறுதிப்படவில்லை.